குழம்பைத் தனியாக வை

டூசான், அரிசோனா
6 அக்டோபர் 1996

அன்புத் தங்கை இரீனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். முழங்காலுக்குக் கம்பளி உறையைப் போட்டுக்கொள், அலமாரியில் அழகு பார்க்க வைக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். நெஞ்சைத் திறந்து மூடிய தையல் ஆறிவிட்டது. காலிலிருந்து நரம்பு எடுத்த இடம்தான் அரிக்கிறது.

டாக்டரம்மா நேற்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: “பொரிச்சதை எல்லாம் கண்ணால பாக்கறதோட நிறுத்திக்குங்க.” சரி, பாதாம் கோழி என்று கேட்டேன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம்! இந்த ஊரே அப்படித்தான். இங்குள்ள சீனக் கடையில் கேட்டால், காய்கறிக்கு நடுவே கோழித் துண்டுகளைப் போட்டு மேலே இரண்டு பாதாமைத் தூவி நீட்டுகிறான். பாளமாகப் பொரித்து, பட்டை பட்டையாக வெட்டி, லெட்டூஸ் இலைமேல் அடுக்கி, பழுப்புக் குழம்பு ஊற்றுவதெல்லாம் நம் ஊரோடு சரி போல.

வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே இருந்தவரை, ஆலைச் சங்கு ஊதியதும் நேரே நம் மோய் சீனக் கடை. பொட்டலம் பெர்னிஸ் மடியில். மனைவி போய் மூன்று வருஷமாகிறது, பொட்டலமும் போனால் எப்படி? நீ மோய் கடைக்குப் போய், எண்ணெயில் போடாமல் வீட்டில் செய்ய வழி உண்டா என்று கடைக்கார வால்ட்டரிடம் கேட்டு எழுது. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்க எனக்கு ஆசைதான். பாதாம் கோழி இல்லாமல் இருக்கத்தான் ஆசை இல்லை.

உன் அறைக்கு வண்ணம் அடித்துவிட்டேன், இளம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஈஸ்டர் முடிஞ்சதும் வீட்டை வித்துட்டு உன்கூடவே வந்துடறேண்ணா” என்று சொன்னாயே, அதை நினைத்துத்தான் நாளைத் தள்ளுகிறேன்.

போன் வேண்டாம், எழுது. தகடு அடிக்கும் ஆலை என் காதைத் தின்றுவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்குச் செவிட்டு அண்ணன்!

உன் அண்ணன்,
ஃப்ளோரியன்

ஹாம்ட்ராம்க், மிச்சிகன்
19 அக்டோபர் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதா உன்னைக் காப்பாளாக. தையல் ஆறியது கேட்டு நிம்மதி. அரித்தால் சொறியாதே. உறையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், போதுமா?

மோய் கடைக்குப் போனேன். வால்ட்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “பொரிக்காம பாதாம் கோழியா? உங்கண்ணன் என்னைக் கடையை மூடச் சொல்றாரா?” என்றார். அவர் மனைவி கிளாடிஸ் பாவம், அடுக்களையில் லெட்டூஸ் இலை வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆனால் வாய்க்கு யார் கட்டுப் போடுவது? “அந்த மனுஷன் உசுரோட இருந்தாத்தானே என்னைக்காவது நம்ம கடைக்குத் திரும்பி வருவாரு? சொல்லிக் குடுய்யா!” என்று அதட்டினாள்.

முதலில் குழம்பு. கோழி முதுகெலும்பை மெதுவாகக் கொதிக்க வைத்து வடிகட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிஜ்ஜில் வை. காலையில் கொழுப்பெல்லாம் மேலே மூடி மாதிரி உறைந்திருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடு. காய்ந்த காளான் ஊறிய தண்ணீரைச் சேர்த்தால் உப்புப் பாதி போதும். சோள மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டியாகும்.

கோழியைப் பற்றி வால்ட்டர் யோசித்துச் சொல்கிறாராம். அவசரப்பட்டு நீயாக எதையும் செய்து கெடுக்காதே.

இங்கே மேப்பிள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு இலையும் நம் வாசலில்தான்.

உன் தங்கை,
இரீன்

டூசான்
3 நவம்பர் 1996

அன்புத் தங்கைக்கு,

தேவ கிருபையால் சுகம். தினமும் நடக்கிறேன். பக்கத்து வீட்டு ரோமன் கூட வருகிறான். அவனும் ஹாம்ட்ராம்க்காரன்தான். அவன் மனைவி டோலோரஸ் நம் கோயில் பாடகர் குழுவில் இருந்தவளாம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

குழம்பு அருமை. கரண்டியோடு குடித்தேன். ஆனால் கெடுக்காதே என்று நீ எழுதியதும் கெடுத்துவிட்டேன். முதலில் கோழியை ஆவியில் வேக வைத்தேன். ஆஸ்பத்திரிப் போர்வையை மடித்து வைத்த மாதிரி இருந்தது. மறுவாரம் பழைய மாதிரியே மாவுக் கரைசலில் முக்கி, ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்தேன். மாவு முழுக்க வழிந்து தட்டில் அப்பமாகிவிட்டது, கோழி அம்மணமாக உட்கார்ந்திருந்தது. ரோமன் அந்த அப்பத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, “இதுக்கு நீ ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம்” என்றான்.

உன் அறைக்குத் திரை வாங்க வேண்டும். நீலமா, பச்சையா? வீட்டை விற்பதைப் பற்றி யாரிடமாவது பேசினாயா?

உன் அண்ணன்,
ஃப்ளோரியன்

ஹாம்ட்ராம்க்
24 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இறைவன் துணை. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் வேலை. முழங்கால் பரவாயில்லை, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நிறைய நிற்கிறேன், ஆனால் வலி குறைந்திருக்கிறது.

அம்மணக் கோழியைப் பற்றி மோய் கடையில் படித்துக் காட்டினேன். வால்ட்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னது இது. கரைசல் எண்ணெய்க்குத்தான், அடுப்புக்குள் நிற்காது. ரொட்டித் தூளையும் உடைத்த பாதாமையும் வெறும் வாணலியில் முதலிலேயே சிவக்க வறுத்துக்கொள். நெஞ்சுக் கறியைத் தட்டித் தட்டையாக்கி, முட்டையின் வெள்ளைக்கருவில் தோய்த்து, அந்தத் தூளில் புரட்டு. தட்டில் வைக்காதே, கம்பி வலைமேல் வை. அடியிலும் காற்றுப் போக வேண்டும். அடுப்பு நல்ல சூட்டில் இருக்கட்டும்.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. கானிஃப் தெரு நோவாக் அம்மாளுக்கு இப்போதெல்லாம் குழம்பு இரண்டு பங்கு வேண்டுமாம், ஒன்று பூனைக்கு. தீயணைப்பு நிலையத்துப் பிள்ளைகள் எட்டுப் பொட்டலம் சொல்லிவிட்டு, மணி அடித்தால் அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அதைச் சூடு ஆறாமல் வைத்திருப்பதே பெரிய பாடு.

டோலோரஸை நன்றாக நினைவிருக்கிறது. கட்டைக் குரல். விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
இரீன்

டூசான்
15 டிசம்பர் 1996

அன்புத் தங்கைக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். இருதயம் ஒழுங்காக அடிக்கிறதாம், டாக்டரம்மா சிரித்தாள். இங்கே பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. கள்ளிச் செடிக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

வால்ட்டருக்குக் கும்பிடு போட்டதாகச் சொல். அடுப்பிலிருந்து எடுத்தபோது மொறுமொறுவென்று அதே சத்தம்! செவிடனான எனக்கே கேட்டது. லெட்டூஸ் அடுக்கி, குழம்பு ஊற்றி, மேலே வெங்காயத் தாள் தூவி, ரோமன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்வதற்குள் சொதசொதவென்று ஆகிவிட்டது. என்ன தப்புச் செய்தேன்?

ஒன்று கேட்கிறேன். நோவாக் அம்மாளின் பூனைக்குக் குழம்பு வாங்குவது உனக்கு எப்படித் தெரியும்? வலி குறைகிற அளவுக்கு எங்கே போய் நிற்கிறாய்? திரையைப் பற்றியும் நீ எழுதவில்லை. நானே பச்சை வாங்கிவிட்டேன். கட்டிலும் வாங்கியாயிற்று. முழங்காலுக்கு ஏற்ற உயரம்.

உன் அண்ணன்,
ஃப்ளோரியன்

ஹாம்ட்ராம்க்
5 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்குச் சுகத்தைத் தரட்டும். கிறிஸ்துமஸ் ராத்திரி வழக்கம்போல, வராதவருக்கென்று மேஜையில் ஒரு தட்டு அதிகம் வைத்தேன், உன்னை நினைத்துக்கொண்டேன். அன்று பகிர்ந்து தின்னும் அப்ப இதழில் பாதியை இதோடு வைத்திருக்கிறேன். தூளாகிப் போயிருந்தாலும் தின்றுவிடு.

மோய் கடையில் குழம்பைத் தனி டப்பாவில்தானே கொடுப்பார்கள், மறந்துவிட்டாயா? நாற்பது வருஷமாக வாங்கியும் அது ஏன் என்று நீ யோசித்ததே இல்லை. குழம்பைத் தனியாக வை. தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சேர்ந்தே பயணம் போனால் இரண்டும் கெட்டுவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவசரமாகப் போகிறேன், இன்று வெள்ளிக்கிழமை இல்லை என்றாலும் வேலை இருக்கிறது.

உன் தங்கை,
இரீன்

டூசான்
16 பிப்ரவரி 1997

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ், என் பாவம் மன்னிக்கப்படட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போயிற்று.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை நம் ஊர்க்காரர் பதினோரு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். காலையிலிருந்து நின்று சமைத்தேன். மொறுமொறுவென்று கோழி, தனிச் சட்டியில் குழம்பு, எல்லாம் நீ சொன்னபடி. ஜெபம் சொல்லியாயிற்று. ரோமன் முள்ளுக்கரண்டியை வாய்க்குக் கொண்டு போகிறான், டோலோரஸ் கத்தினாள், “வைய்யா கீழே! இன்னிக்கு வெள்ளிக்கிழமை!”

“ஆமாம், வெள்ளிக்கிழமைதான். அதனாலதானே கோழி!” என்றேன் நான்.

“தவக்காலம்யா! வெள்ளிக்கிழமை கறி தொடக்கூடாது! புதன்கிழமைதானே நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டே? எங்க எல்லாரையும் நரகத்துக்குக் கூட்டிட்டுப் போகப் பாக்கறியா?”

பதினோரு கரண்டியும் கீழே இறங்கின. நாற்பது வருஷமாக ஒரு தவக்கால வெள்ளியிலும் நான் தவறியதில்லையே, இப்போது எப்படி மறந்தேன் என்று யோசித்தால் அப்புறம்தான் உறைத்தது. நான் எங்கே ஞாபகம் வைத்தேன்? தவக்காலம் வந்தால் கிளாடிஸ் நம்மைக் கேட்காமலே பொட்டலத்தில் மீனை வைத்துவிடுவாள். கோயிலுக்கே வராத அவள்தான் நமக்கெல்லாம் சுத்தபோசன விரதத்தைக் காத்து வந்திருக்கிறாள்! அன்றைக்கு ரொட்டியும் ஊறுகாயும் தின்றோம். நல்லவேளையாகக் குழம்பு ஊற்றவில்லை. மறுநாள் கோழியை அடுப்பில் சூடாக்கினால் மறுபடியும் மொறுமொறுத்தது.

இனி கதைக்கு வருகிறேன். அன்று மாலையே, மீனை எப்படிச் செய்வது என்று கேட்கச் சொல்லி ரோமனை மோய் கடைக்குப் போன் போடச் சொன்னேன். ஒரு பெண் எடுத்தாளாம். “மோய் கடை, இன்னிக்கு மீனு மட்டும்தான், குழம்பு எத்தனை?” என்றாளாம். இவன், “டூசான்லேருந்து பேசறேம்மா, ஃப்ளோரியன் விஷயமா...” என்று தொடங்கினானாம். அவ்வளவுதான். “ஐயோ, எங்கண்ணனுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?” என்று அவள் போட்ட கூச்சலில், கடையில் இருந்தவர்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டதாம். ஒன்றும் ஆகவில்லை, மீனுக்குத்தான் வழி கேட்கிறோம் என்று சொன்னதும் அழுதாளாம். பிறகு போனை வைத்துவிட்டாளாம்.

இரீன், மோய் கடை போனில் நீ என்ன செய்கிறாய்? எழுது.

உன் அண்ணன்,
ஃப்ளோரியன்

ஹாம்ட்ராம்க்
4 மார்ச் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று ரோமன் மூன்று தடவை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உன் கடிதம் வந்தும் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. வெட்கம்தான்.

அக்டோபரில் உன் கோழிக்காகக் கடைக்குப் போனேன் அல்லவா, அன்று போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிளாடிஸ் கையில் கட்டு, வால்ட்டர் அடுப்படியில். என் கை தானாக எடுத்துவிட்டது. “மோய் கடை” என்றேன். அன்று பூட்டும் வரை வீட்டுக்குப் போகவில்லை. கட்டு பிரித்தும் கிளாடிஸ் போனைத் திரும்ப வாங்கவில்லை. “நீங்க பேசினா ஜனங்க கூட ரெண்டு முட்டை ரோல் வாங்கறாங்கக்கா, நான் பேசினா சண்டைக்கு வர்றாங்க” என்கிறாள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் வீட்டில் என் குரல் மட்டும்தான் அண்ணா. பல நாள் அதுவும் கிடையாது. இப்போது ஊரில் பாதிப் பேரின் குரல் எனக்கு அத்துப்படி. யாருக்கு ஜலதோஷம், யாருக்கு மகன் வந்திருக்கிறான், எல்லாம் குழம்பு எத்தனை என்று கேட்கும்போதே தெரிந்துவிடும். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

எனக்கு அங்கே வர மனமில்லை. இதோ எழுதிவிட்டேன். திரையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா குழம்புக்குத்தான் போயிற்று. ஆனால் உன் கையைப் பிடித்துச் சொன்ன சொல் இருக்கிறது. நீ அறைக்கு வண்ணம் அடித்து, கட்டில் வாங்கி வைத்திருக்கிறாய். வா என்று ஒரு வரி எழுது, முகம் கோணாமல் பெட்டி கட்டுகிறேன். நீ தனியாகக் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீனுக்கும் அதே வழிதான். நேரம் மட்டும் பாதி.

உன் தங்கை,
இரீன்

டூசான்
11 மார்ச் 1997

அன்புத் தங்கைக்கு,

மாதா துணை. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். நீயும் அழாமல் இரு.

வராதே. வந்தால் உனக்கு இங்கே இடமில்லை! மீன் விருந்து ஊரெல்லாம் தெரிந்துபோய், இப்போது வெள்ளிதோறும் நெரிசல். அந்த மஞ்சள் அறையில் நீளமாக மேஜை போட்டுவிட்டேன். கட்டில் போட ஒரு சாண் இடம் கிடையாது. கட்டிலையும் விற்றுவிட்டேன், நல்ல விலை. ஆகவே நீ பெட்டி கட்டி வந்து இறங்கி என்னைச் சங்கடத்தில் விடாதே.

நான் தனியாகக் கிடப்பதாக யார் சொன்னது? டோலோரஸ் என் அடுக்களையைத் தன் அடுக்களை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு விஷயத்தில் மட்டும் பெர்னிஸ் இல்லாதது தெரிகிறது. எல்லோர் தட்டிலும் குழம்பில் ஊறிக் கிடக்கும் லெட்டூஸை அவள்தானே சேகரித்துத் தின்பாள்? இப்போது யாரும் தொடுவதில்லை. நான்தான் தின்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று தோன்றுகிறது.

போனை விடாதே. வால்ட்டருக்கும் கிளாடிஸுக்கும் என் வணக்கம்.

உன் அண்ணன்,
ஃப்ளோரியன்

ஹாம்ட்ராம்க்
2 ஏப்ரல் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்தவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. முழங்கால் நலம், மனசும் நலம்.

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் லேசாகத் திரிந்தேன். பெரிய வெள்ளியன்று போனில் ஒரு குரல், ஏழு மீன் சொல்லிற்று. பேர் என்ன என்றேன். “ரோமன்.” எங்கேயோ கேட்ட குரல். “டூசான் ரோமனா?” என்றேன். ஈஸ்டருக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். பொட்டலம் வாங்க நேரில் வந்தவரிடம், மஞ்சள் அறையில் மேஜை எப்படி, பதினோரு பேரும் உட்கார முடிகிறதா என்று கேட்டேன்.

மனுஷன் விழித்தார். “மஞ்ச அறையிலயா? நாங்க எப்பவும் கார் கொட்டகையிலதானே சாப்பிடறோம். அந்த அறை காலியாத்தான் கெடக்கு. உங்க லெட்டர் வந்த அன்னிக்கே உங்கண்ணன் கட்டிலைக் கழட்டி, நானும் அவருமாத் தூக்கி என் வீட்டுல போட்டோம். நெஞ்சுல தையல் போட்ட மனுஷன், வேணாம்னாலும் கேக்கல. ‘இதை எவ கிட்டயாவது சொன்னே, உனக்கு மீன் கிடையாது’ன்னாரு.” சொன்ன பிறகுதான் எவளிடம் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவருக்கு மீனை நிறுத்திவிடாதே.

கவுன்ட்டரில் நின்றே அழுதேன் அண்ணா. போன் அடித்தது, கிளாடிஸ் எடுத்தாள். யாரோ சண்டைக்கு வந்தார்கள்.

நீ தூக்கிய கட்டிலை நீயே திரும்பத் தூக்காதே, ரோமனை விட்டுக் கொண்டுவரச் சொல். பச்சைத் திரையையும் மாட்டு. ஈஸ்டர் முடிந்ததும் வருவதாகச் சொன்னேன், வருகிறேன். குடியிருக்க இல்லை, மூன்று வாரத்துக்கு. கிளாடிஸ் முறைத்துக்கொண்டே லீவு கொடுத்திருக்கிறாள். இனி ஒவ்வொரு வருஷமும் இங்கே ஐஸ் கட்டும் மாதத்தில் அந்த மஞ்சள் அறை என்னுடையது.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை விமானம். தவக்காலம் முடிந்துவிட்டது, தைரியமாகக் கோழியே செய். எல்லோரும் சாப்பிடட்டும், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். என் பங்குக் குழம்பை மட்டும் தனியாக வை. நான் வந்து ஊற்றிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
இரீன்